கார்புரேட்டர் இருந்த ஐஸ்கிரீம் பெட்டி

கவின்,

அன்று நான் சொல்லாதது இரண்டே இரண்டு சொற்கள்: "நான்தான் எறிஞ்சனான்." இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பைகளுடன் கராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே காரின் இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் நீயும் நின்றீர்கள். திறந்து கிடந்த எஞ்சினுக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உனக்குப் பதினேழு வயது. ஜூன் மாதத்து வெயில் கராஜின் பாதித் தரைவரை வந்திருந்தது. அந்த இரண்டு சொற்களும் என் வாயில்தான் இருந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, "தேத்தண்ணி ஆறுது" என்றேன். இரண்டு பேரும் தேநீர் குடிக்கவில்லை. கோப்பைகளைத் திரும்ப மேலே கொண்டுவந்து கழுவி வைத்தேன். ஏறக்குறைய இரண்டு வருடமாக நம் வீட்டில் நடந்ததெல்லாம் அந்த இடத்திலிருந்து வந்தது.

இதை நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். நோர்வேஜிய மொழியில்தான் படித்தேன், நூலகத்தில் வேலையும் அந்த மொழியில்தான். அதில் எழுதினால் எனக்கு வசதியான சொற்கள் நிறையக் கிடைக்கும். செய்ததையும் செய்யாததையும் ஒன்றாகக் குழைத்து அழகாகத் தப்பிவிடுவேன். தமிழில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நீயும் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வைத்து மெதுவாகத்தான் வாசிப்பாய். மெதுவாகவே வாசி. என்னைப் பற்றி யாரிடமும் அதிகம் சொல்லிப் பழகாதவள் நான் என்று உனக்குத் தெரியும். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. ஸ்டோவ்னர் பள்ளியில் என்னோடு படித்தவர்கள் விடுதி அறைகளுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது ஒரு நல்ல குணம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்தக் கார் உன்னைவிட நான்கு மாதம் முன்பாக நம் வீட்டுக்கு வந்தது. ஹாமார் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து அப்பா அதை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். அப்பாவைவிட வயதில் மூத்தது. வைக்கோல் தூசி, எலிக்கூடு, முன் கண்ணாடியில் விரிசல். ஒரு அடிகூடத் தானாக நகராது. வயிற்றில் நீ இருந்தாய், எங்களிடம் தொட்டில்கூட இல்லை. செல்வா மாமா வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சான், கப்பல் வாங்கியிருக்கிறாய். கடல் எங்கை?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது கப்பல். கோவிலில், கலியாண வீட்டில், எங்கே கண்டாலும் "கப்பல் இறங்கீட்டுதோ?" என்பதுதான் அப்பாவுக்குக் கிடைத்த சுகவிசாரிப்பு. அப்பா சிரித்துக்கொண்டு, "இறங்கும், இறங்கும். நீ டிக்கட்டுக்கு லைனிலை நில்" என்பார்.

ஏன் வாங்கினார் என்பதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அகதி முகாமில் இருந்த முதல் கோடையில், அந்தச் சின்ன ஊரின் வீதியால் ஒரு சனிக்கிழமை இப்படிப்பட்ட கார்கள் வரிசையாகப் போனதாம். நின்று பார்த்துக்கொண்டிருந்தவரை, ஒரு கிழவர் காரை நிறுத்தி ஏறச் சொல்லியிருக்கிறார். மொழி தெரியாது. ஊரை இரண்டு தரம் சுற்றிவிட்டு, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிட்டாராம். "அண்டைக்குத்தான் இந்த நாட்டிலை என்னட்டை ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை" என்றார் அப்பா. அதற்குப் பிறகு நான் அந்தக் காரைப் பற்றி முறைப்பாடு சொன்னதில்லை. வெளியே சொன்னதில்லை என்று திருத்திக்கொள்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒரு காலம் இருக்கிறது. காரோடு ஒரு தடித்த ஆங்கிலக் கைநூல் வந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்த அப்பாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஆகவே நான் உன்னைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கராஜில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அதை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வேன். அவர் காருக்குக் கீழே படுத்திருந்து கேட்பார். "அந்த வரியைத் திருப்பிச் சொல்லும்" என்பார். எந்த ஆணியை முதலில் கழற்றுவது, எதை எவ்வளவு இறுக்குவது என்றெல்லாம் என் குரலில்தான் அவர் படித்தார். நீ பின் இருக்கையில் கிடந்து நித்திரை கொள்வாய். எங்கள் திருமணத்தின் மிக நல்ல மணித்தியாலங்கள் அவை. வாசிப்பு இப்படியும் ஒருவருக்குப் பயன்படும் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

பிறகு நீ வளர்ந்தாய். பதின்மூன்று வயதில் கராஜுக்கு இறங்கினாய். உனக்கு ஆங்கிலம் தெரியும், கைத்தொலைபேசியில் காணொளி இருந்தது. கைநூலில் நான் அரை மணி நேரம் தேடிச் சொல்வதை நீ அரை நிமிடத்தில் காட்டினாய். நான்கு குளிர்காலம், ஒரு சின்ன ஹீட்டரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் துரு சுரண்டினீர்கள், தகரம் வெட்டி ஒட்டினீர்கள், இருக்கைகளைப் பிரித்துத் தைப்பித்தீர்கள். இறுகிப்போன நட்டோடு மல்லுக்கட்டாதே, எண்ணெய் விட்டுவிட்டு நாளைக்கு வா என்று அப்பா உனக்குச் சொல்லுவதைக் கேட்டிருக்கிறேன். அது நான் அவருக்கு வாசித்துச் சொன்ன வரி. நான் மேலே ஜன்னலில் நின்று கராஜ் வெளிச்சத்தைப் பார்ப்பேன். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் முக்காலியில் இப்போது வண்ணப்பூச்சு டப்பா இருந்தது.

அந்தப் பதினொரு வினாடி உனக்கு மறந்திருக்காது. உனக்குப் பதினாறு முடிந்த இலையுதிர்காலம், கப்பல் முதல்முறை மூச்சு விட்டது. நம் வெஸ்ட்லிக் குடியிருப்பின் அத்தனை மாடிகளிலும் ஜன்னல்கள் அதிர்ந்தன. சத்தம் என்று முறைப்பாடு சொல்ல இறங்கிவந்த நான்காம் மாடிப் பெண், வந்ததை மறந்து, இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டாள். இன்னொரு தரம் போட முடியவில்லை. கார்புரேட்டர் பெட்ரோலை ஒழுகவிட்டது. அதை நீதான் கழற்றினாய், தனியாக. நூற்றுக்கும் குறையாத சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றையும் படமெடுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, சமையலறைக் காகிதத்தில் சுற்றி, ஒரு பெரிய ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்து மூடி, பக்கவாட்டில் பழுப்பு ஒட்டுநாடா ஒட்டி, "தொடாதே" என்று எழுதினாய். தொழிற்சாலையில் அந்த எஞ்சினோடு பொருத்திய அதே கார்புரேட்டர், அடியில் பொறித்த இலக்கமும் பொருந்துகிறது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைவிட, நீ கழற்றிய விதத்தைத்தான் அதிகம் சொன்னார். உன் முன்னால் சொல்லமாட்டார்.

இனி அந்த மே மாதம். வருடா வருடம் போல நம் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து துப்புரவு செய்கிற டுக்னாட். முற்றத்தில் பெரிய கொள்கலன்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வாஃபில் மணம். நீயும் அப்பாவும் மரத்தடியில் இலை கூட்டிக்கொண்டிருந்தீர்கள். கராஜையும் நிலவறைக் களஞ்சியத்தையும் ஒதுக்குவது என் பங்கு. செல்வா மாமாவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நூற்றைம்பது ரோல்ஸ் செய்து உறையவைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன், பெட்டி போதவில்லை. நம் வீட்டில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் தவிர எல்லாம் இருக்கும் என்று நீ சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பாய் அல்லவா? அந்தப் பெட்டிகள் ஒரு கணக்கில் என் உடைமை. கறி போட்டு ஒரு வீட்டுக்குக் கொடுத்தால், அது திரும்பி வரும்வரை எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்தப் பெரிய வெள்ளைப் பெட்டியை மாதக்கணக்காகத் தேடியிருந்தேன். கராஜின் மேல்தட்டில் கண்டேன்.

"தொடாதே" என்று எழுதியிருந்ததை வாசித்தேன். எழுதிய எதையும் வாசிக்காமல் விடத் தெரியாதவள் நான். மூடியைத் திறந்தேன். எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தேன். ஓட்டை ஓட்டையாக ஒரு சாம்பல் நிற உலோகத் துண்டு. கார்புரேட்டரின் படம் போட்ட பக்கத்தை அப்பாவுக்கு எத்தனையோ தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன், கையில் வந்தபோது எனக்கு அது தெரியவில்லை. கழித்துப்போட்ட பழைய சாமான் என்று நினைத்தேன். இதுவரைக்கும் உண்மை. மீதியும் உண்மை: அந்த மூன்று நொடியில் எனக்குக் கோபமும் வந்தது. என் பெட்டியை எடுத்து, என்னையே தொடாதே என்கிறார்களா என்ற கோபம். நான்கு குளிர்காலத்துக் கோபம் அது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், இருபது மீற்றர் தூரத்தில்தான் நின்றாய். கேட்கவில்லை. இரும்புக் கழிவுக் கொள்கலனுக்குள் கவிழ்த்துக் கொட்டினேன். பெட்டியைச் சவர்க்காரமும் தேசிக்காயும் போட்டு மூன்று தரம் கழுவினேன். ஒட்டுநாடா முழுதாக உரியவில்லை, "தொடா" வரைக்கும் நின்றுவிட்டது. கொள்கலனை அன்றைக்கே கொண்டுபோய்விட்டார்கள். சாமத்தியவீட்டில் செல்வா மாமா ஒரு ரோல்ஸைக் கடித்துவிட்டு, "தங்கச்சி, இதென்ன, பெற்றோல் ஸ்டேசன்ரை மணம் அடிக்குது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூனில் நீங்கள் அதைத் தேடினீர்கள். நான் தேநீரோடு இறங்கி வந்தபோது பாதிச் சண்டை முடிந்திருந்தது. நான் கொட்டியது எது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

"மேல்தட்டிலைதான் வைச்சனான் அப்பா. நீங்கள் எடுத்தனீங்களோ?"

"நான் ஏன் எடுக்கிறன்? கழட்டினது நீ. கழட்டத் தெரிஞ்சவனுக்குச் சாமானை வைக்கத் தெரியேல்லை."

"வைச்சனான் எண்டு சொல்லுறன்."

"வைச்சா எங்கை? கால் முளைச்சுப் போட்டுதோ? சாமானிலை கவனம் இல்லாதவனோடை எனக்கு வேலை இல்லை."

நீ நோர்வேஜிய மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னாய்: "கிரெய்ட்." சரி என்று அர்த்தம். கையைத் துணியில் துடைத்து, துணியை மடித்து பொனெட்டில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டி வெளியே போனாய். "தேத்தண்ணி ஆறுது" என்று நான் சொன்னது அப்போதுதான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள், முதல் நாள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. ஒரு கிழமையில் அது ஒரு பிழையல்ல, இரண்டாகிவிட்டது. ஒரு மாதத்தில் எத்தனை என்று எண்ணவில்லை. அப்பா காரைத் துணி போட்டு மூடினார். நீ கடைசி வருடப் படிப்பு என்று அறைக்குள் இருந்தாய். அடுத்த வருடம் ஆகஸ்டில் மேலே படிக்க ட்ரொண்ட்ஹெய்முக்குப் போனாய். மேசையில் இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டீர்கள், உப்பை எடு, காலநிலை எப்படி என்று. அந்தப் பெட்டி முழுக் காலமும் உறைபெட்டியின் அடித்தட்டில், எழுத்து இருந்த பக்கம் சுவரைப் பார்க்க, மீனோடு கிடந்தது. எறியவும் முடியவில்லை, எடுத்து மேசையில் வைக்கவும் முடியவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதையும் செய்யத் தவறியவளாகச் சொல்கிறேன். பிழை விட்டால், கையிலிருக்கிற தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிடு. அதற்குப் பிறகு சொல்லமுடியாது என்றில்லை. ஆனால் அதற்குள் வேறு யாரோ அதைத் தங்கள் தலையில் ஏற்றிவிடுவார்கள்.

நீ ஏற்றியிருந்தாய். பெப்ரவரி விடுமுறையில் நான்கு நாள் வந்து நின்றாய், ஒரு தடவையும் கராஜ் பக்கம் போகவில்லை. திரும்பிப் போகும்போது வெஸ்ட்லி நிலையத்தில் ரயிலுக்காக நின்றோம். "அம்மா, அப்பா காரை விக்கப் போறாரோ?" என்று கேட்டாய். ட்ராமெனிலிருந்து ஒருவர் பார்க்க வரப்போவதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். நீ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "விக்கட்டும். நான்தானே துலைச்சனான். எங்கை வைச்சனான் எண்டு இப்ப எனக்கே நிச்சயமில்லை" என்றாய். ரயில் வந்தது. நீ ஏறினாய். உன் ஞாபகத்தையே நீ நம்பாமல் செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரைக்கும் நான் ஒரு சாமானைத்தான் எறிந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் எனக்கு இன்னும் இரண்டு கிழமை பிடித்தது. போன புதன்கிழமை, அப்பா வேலையால் வந்து சாப்பிட்டு முடித்ததும், "இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கி, இப்போது உனக்கு எழுதிய அத்தனையையும் சொன்னேன். அந்த மூன்று நொடிக் கோபத்தையும் விடவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நீரோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்."

"ரெண்டு வரியமா?"

"ஓம்."

எழுந்துபோய் உறைபெட்டியைத் திறந்தார். பெட்டியை எடுத்து, அந்தப் பாதிச் சொல்லை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளிருந்த மீனை ஒரு பையில் மாற்றினார். பிறகு, "அவன் அண்டைக்கே உண்மையைச் சொன்னவன். நான்தான் நம்பேல்லை" என்று சொல்லிவிட்டு நிலவறைக்கு இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு கார்புரேட்டர். பழையதுதான், ஆனால் அதே வகை, அமெரிக்காவிலிருந்து எடுப்பித்தது.

"இது எப்ப வாங்கினனீங்கள்?"

"அந்தக் கோடையிலையே."

"ஏன் சொல்லேல்லை?"

"அவன் வந்து கேப்பான் எண்டு இருந்தனான்."

நம் குடும்பத்தைப் பற்றி வேறு எதுவும் எழுதவேண்டியதில்லை என்று தோன்றுகிறது. அப்பா ட்ராமென்காரருக்குத் தொலைபேசி எடுத்து, கார் விற்பனைக்கு இல்லை என்றார். மற்றவர் ஏனென்று கேட்டிருக்க வேண்டும். "மகன்ரை சாமான் அது, நான் விக்கேலாது" என்று அவருக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னார். பிறகு கார்புரேட்டரை அந்த ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். மூடி மூடவில்லை. ரப்பர் பட்டி இரண்டு போட்டார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "வெறும் பெட்டியைத் திருப்பிக் குடுக்கக்கூடாதெண்டு நீர்தானே சொல்லுறனீர்" என்றார். உன்னிடம் வரச் சனிக்கிழமைக் காலை ரயிலில் ஏறினார். பெட்டியை மேலே பைகளோடு வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

உன் விடுதிக் குசினி மேசையில் பத்திரிகை விரித்து நீங்கள் இரண்டு பேரும் அதைக் கழற்றியதை அப்பா எனக்குச் சொல்லி முடிக்கவில்லை, இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு ஸ்பிரிங் பிழையானது என்று நீதான் கண்டுபிடித்தாயாம். "அவன்ரை கை என்ரை கையைவிடச் சுத்தம்" என்கிறார். இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார், ஆகவே நான் சொல்கிறேன். உன்னிடம் அவர் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். அது எனக்கு நேற்றுத்தான் தெரியவந்தது. "நான்தான் தெரியாமல் எறிஞ்சனான், இப்பதான் ஞாபகம் வந்தது எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். "அவன் கோவிக்கேல்லை, பறவாயில்லை அப்பா எண்டவன். விசயம் முடிஞ்சுது. நீர் இனி ஒண்டும் கதைக்க வேண்டாம்." என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். அவருடைய நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் விசயம் முடியவில்லை. முதலில் உன் தலையில் இருந்ததை இப்போது அவர் தன் தலைக்கு மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். அது இருக்கவேண்டிய இடம் என் தலை. நீ வைத்த இடம் சரி, கவின். மேல்தட்டு, இடது மூலை, வண்ணத் தூரிகைகளுக்குப் பக்கத்தில். உன் ஞாபகத்தில் ஒரு பிழையும் இல்லை.

நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை. அது உன் நேரத்தில் நடக்கட்டும், இறுகிய நட்டைப் பற்றி உனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு வருவதாக அப்பாவிடம் சொன்னாயாம். வந்தால், கராஜில் அந்த முக்காலியை எனக்காக ஒதுக்கி வை. வாசிக்க ஒன்றும் வேண்டாம். சும்மா இருந்து பார்க்கிறேன். இந்தக் கடித உறையை ஒட்டாமல் மேசையில் வைக்கப்போகிறேன். அப்பா வாசித்த பிறகுதான் தபாலில் போடுவேன். இனி இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருக்கு எழுதுவது என்ற வேலை எனக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அப்பா திரும்பி வந்தார். ஐஸ்கிரீம் பெட்டி வெறுமையாக வரவில்லை. நீ சமைத்த பருப்புக்கறி அதற்குள் இருந்தது, அதே ரப்பர் பட்டிகளோடு. பெட்டியை நீ எத்தனை தரம் கழுவினாய் என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. சோறு காய்ச்சினேன். இருவரும் அதை முழுவதும் சாப்பிட்டோம். கொஞ்சம் பெட்ரோல் மணத்தது.

அம்மா